ஒரு கை மட்டும் குளிர்ந்தது

சிறுநீரகங்கள் பழுதான பிறகு, திசையன்விளையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துவந்தேன். அதற்காக இடது கையில் ஒரு தமனியையும் சிரையையும் ஒன்றாக இணைத்திருந்தார்கள். மெஷின் ஓடும்போதெல்லாம் அந்தக் கை விரல்கள் ஜில்லிட்டு வலிக்கும். ஊசி இருப்பதால் அசைக்கவும் முடியாது. சொன்னால் டயாலிசிஸை நிறுத்திவிடுவார்களோ, அப்புறம் உயிர் ஏது என்று பல்லைக் கடித்துக் கிடந்தேன்.

ஒருநாள் போர்வையைச் சரிசெய்த என் மனைவி பதறினாள். "ஏங்க, வெரலு ஐஸ் கணக்கா இருக்கு! நகமெல்லாம் நீலமா கெடக்கு!"

"சத்தம் போடாத. ஏசிக் குளிருதான்."

"ஏசிக்கு ஒரு கைதான் தெரியுதாக்கும்?" என்றவள் டாக்டரை அழைத்துவந்துவிட்டாள்.

விரலுக்குப் போகவேண்டிய ரத்தம் இணைப்பு வழியே திரும்பிவிடுகிறது, இன்னும் தாமதித்தால் விரல்கள் அழுகிவிடும் என்றார் அவர். சிறு ஆபரேஷனில் இணைப்பைச் சுருக்கினார்கள். டயாலிசிஸ் நிற்கவில்லை.

இப்போதெல்லாம் சற்றுக் குளிர்ந்தாலும் உடனே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் யாராவது பேசாமல் கிடந்தால், "அண்ணாச்சி, கை குளிருதா?" என்று கேட்கிறேன்.