காபி கலர் கடற்கரை

கடலே இல்லாத ஊரில் கடற்கரைப் படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். திருத்தணியில் மலைப் படிக்கட்டுக்குப் போகிற வழியில் என் ஸ்டுடியோ. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, நாலைந்து குடும்பங்களைக் குழந்தைகளோடு வேனில் ஏற்றிப் பழவேற்காட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போவேன். பிள்ளைகள் மணலில் ஓடுவார்கள், அலையைப் பார்த்து அலறுவார்கள், சிப்பி பொறுக்குவார்கள். அதையெல்லாம் எடுத்து, டிகாஷனில் முக்கியெடுத்த மாதிரி பழுப்பு நிறத்தில் பெரிதாகப் போட்டு, சட்டம் மாட்டிக் கொடுப்பேன். கம்ப்யூட்டரில் இதற்குச் செபியா என்று பெயர். எங்கள் பக்கத்தில் 'காபி கலர் போட்டோ'.

வாடிக்கையாளரிடம் சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு, சொல்லியிருக்க வேண்டிய பதிலை ராத்திரி தலையணையிடம் சொல்கிற கூட்டமா நீங்கள்? அப்படியானால் நாமெல்லாம் ஒன்று. நமக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். ஏன் காபி கலர் மட்டும் என்று கேட்டவர்களிடம், "அதுதாங்க நம்ம ஸ்டைலு" என்று பதினோரு வருடமாகச் சொல்லிவந்தேன். சுத்தப் பொய். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே கண் அப்படி. நிறம் தெரியாத போட்டோக்காரன் என்று ஊருக்குத் தெரிந்தால் கடைக்கு யார் வருவார்கள்? விஷயம் தெரிந்த ஒரே ஆள் என் மனைவி சுலோச்சனா. வேன் ஓட்டுகிற பாவாவுக்குக்கூட, அதாவது என் அக்கா வீட்டுக்காரருக்குக்கூட, நான் சொன்னதில்லை.

ஒரு முழம் பச்சை

எனக்குச் சொந்த ஊர் அம்மையார்குப்பம். வீட்டில் தறி. பதிமூன்று வயதில், நைனா யாரையோ பார்க்க வெளியே போன நேரத்தில், அவருக்கு உதவி செய்கிற ஆசையில் தறியில் உட்கார்ந்தேன். சேலையின் முந்தானைக்குச் சிவப்பு நூல் ஓட வேண்டும். நான் ஒரு முழத்துக்குப் பச்சையை ஓட்டிவிட்டுப் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். நைனா வந்து பார்த்தார். முதுகில் ஒன்று விழுந்தது. எதற்கு விழுந்தது என்று எனக்குப் புரியவே இல்லை. என் கண்ணுக்கு அது நல்ல சிவப்பாகத்தான் இருந்தது.

பிறகு ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோதுதான் விஷயம் எனக்கே தெரிந்தது. ஒரு டாக்டர் புள்ளி புள்ளியாக இருந்த புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார். எண்ணா, எங்கே என்றேன். வேலை அன்றோடு போயிற்று. ஆனால் அதற்குள் நைனா என்னைப் பற்றி ஊர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார்: "கண்ணத் தொறந்து வெச்சிகினே தூங்கறான் எம் புள்ள, இவன தறியில உக்கார வெச்சா வெளங்கிடும்."

சுரைக்காய்

கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கப் போய், அப்படியே கேமராவைக் கற்றுக்கொண்டு ஸ்டுடியோ போட்டேன். முதல் மாதமே மணவூர் பக்கத்து விவசாயி ஒருவர் தன் ஒரு வயதுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். படம் அருமையாக விழுந்தது. முகம் கொஞ்சம் சிவந்து தெரிகிறதோ என்று சந்தேகப்பட்டு, கம்ப்யூட்டரில் நானே இழுத்துச் சரிசெய்தேன். அன்று சுலோச்சனா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பையனைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "இன்னாங்க இது, எம் புள்ள கொல்லில காய்ச்ச சொரக்கா மாரி கீறான்?"

யோசனை சுலோச்சனாவுடையது

அந்தச் சுரைக்காய்க்குப் பிறகு கடையை மூடிவிடலாம் என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தேன். மூன்றாம் நாள், கம்ப்யூட்டரில் எதையோ தட்டப் போய்ப் படம் முழுக்கப் பழுப்பாக மாறியது. சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் ஒரே குடும்பம். என் வாழ்க்கையில் முதல்முறையாக, எல்லோரும் பார்ப்பதையே நானும் பார்த்தேன்.

ஆனால் மலைக்கோயிலுக்கு வருகிறவர்கள் பட்டும் மாலையும் சந்தனமுமாக வருவார்கள். அவர்களுக்கு நிறம் வேண்டாமா? இதை எப்படி விற்பது என்று விழித்தேன். சுலோச்சனா கீரை ஆய்ந்துகொண்டே வழி சொன்னாள்: "கோயில்ல எடுத்தாத்தான கலரு கேப்பாங்க? புள்ளைங்கள கடலுக்கு இட்டுகினு போ. அங்க மண்ணும் தண்ணியும்தான் கீது, கலரு எவன் கேக்கறான்?"

அப்படியும் சிலர் கலர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். அப்போது அவள் என் பக்கத்தில் உட்காருவாள். லாரியைப் பின்னால் எடுக்கிறபோது கிளீனர் சொல்வாரே, அதே குரலில் "வா, வா, இன்னும் கொஞ்சம் செகப்பு, வா, போதும், நிறுத்து" என்பாள்.

துக்கம் விசாரித்த கதை

கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர் ஒருவர், தலைமுறை தலைமுறையாக மலையில் பொங்கல் கிண்டுகிற குடும்பம். தன் நான்கு வயது மகளைக் கடற்கரைக்கு அழைத்து வந்தார். குழந்தை அலையைப் பார்த்துத் திரும்பிச் சிரிக்கிற ஒரு படம். நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்வேன். பெரிதாகச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார்.

ஒரு வாரத்தில் படத்தோடு கடைக்கு வந்துவிட்டார். கூடத்துச் சுவரில் பழுப்பு நிறப் படம் என்றால் நம் ஜனங்களுக்கு ஒரே அர்த்தம்தான் என்பது எனக்கு உறைத்திருக்கவில்லை. அவர் படத்தை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "ஏம்ப்பா, ஆத்துக்கு வரவாள்லாம் படத்தப் பாத்துட்டு எங்கிட்ட துக்கம் விசாரிக்கறா. கொழந்த பக்கத்துலயே நின்னுண்டு முறுக்கு தின்னுண்டிருக்கா!"

இரண்டு மொட்டை

ஆர்.கே.பேட்டைப் பக்கமிருந்து ஒரு அம்மா, மூன்று வயது இரட்டையரை அழைத்து வந்தார். முந்தின நாள்தான் மலையில் மொட்டை போட்டிருந்தார்கள். முடி இருந்தவரைக்கும் சுழியை வைத்து அடையாளம் கண்டுபிடித்த அம்மா, இப்போது முன்யோசனையாக ஒருவனுக்குச் சிவப்புச் சட்டையும் இன்னொருவனுக்குப் பச்சைச் சட்டையும் போட்டிருந்தார். "செகப்பு பெரியவன், பச்சை சின்னவன். மாத்திடாதீங்க" என்று என்னிடம் பொறுப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொல்கிறார் பாருங்கள்.

அன்று முழுக்கப் பெரியவனைச் சின்னவன் என்றும் சின்னவனைப் பெரியவன் என்றும் கூப்பிட்டு, இரண்டு பேரையும் அழ வைத்தேன். அது போகட்டும். படம் வந்தபோதுதான் பெரிய கூத்து. காபி கலரில் சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிட்டன. அம்மா அரை மணி நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தினமும் இப்படித்தானம்மா நிற்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவர் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "நான் பெத்த புள்ளைங்களயே எனக்கு யாருன்னு தெரியாம பண்ணிட்டியேண்ணா."

பாவாவின் சட்டை

போட்டோக்காரனுக்கு நிறம் அத்துப்படி என்பது எங்கள் பாவாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. ஆடிக் கிருத்திகைக்குச் சட்டை எடுக்க வருடா வருடம் என்னைத்தான் துணிக்கடைக்கு இழுத்துப் போவார். நானும் துணியைத் தடவிப் பார்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒன்றை எடுத்து நீட்டுவேன். போன வருடம் அவர் சந்தன நிறம் கேட்டார். நான் கொடுத்ததை வீட்டில் பார்த்துவிட்டு, அது கிளிப்பச்சை என்று சுலோச்சனா என் காதில் சொன்னாள்.

அக்காவும்தான் பாவாவிடம் சொன்னாள். பக்கத்து வீட்டிலும் சொன்னார்கள். மனிதர் கேட்டால்தானே? கிளிப்பச்சையைப் போட்டுக்கொண்டு, காவடிக் கூட்டத்துக்கு நடுவில் தனியாகத் தெரிகிற மாதிரி நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "உங்களுக்குக் கண்ணு சரியில்ல. எம் மச்சான் போட்டோக்காரன், அவன் சொன்னா சந்தனம்தான்."

இரண்டு வாளி

போன மாசியில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஏகாம்பரம் என்பவர் வந்தார். லுங்கி நெய்கிறவர். தன் ஆறு வயது மகன் யுகேஷுக்காக, கட்டம் போட்ட குட்டி லுங்கி ஒன்றைத் தானே நெய்து கொண்டுவந்திருந்தார். அந்தக் கட்டத்தின் நிறம் படத்தில் அப்படியே வர வேண்டும், காபி கலரெல்லாம் வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சரி, சுலோச்சனா இருக்கிறாள் என்று தைரியமாக ஒப்புக்கொண்டேன்.

கடற்கரையில் பிள்ளைகள் விளையாட நான் இரண்டு பிளாஸ்டிக் வாளி வைத்திருப்பேன். ஒன்று சிவப்பாம், ஒன்று பச்சையாம். யுகேஷின் அம்மா அவனிடம், "செகப்பு வாளிய எடுத்துகினு வாடா, படத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றார். பையன் ஓடினான். வாளிகளுக்கு முன்னால் நின்றான். ஒன்றைத் தொட்டுவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான். இன்னொன்றைத் தொட்டுவிட்டு மறுபடியும் பார்த்தான். முகத்தைப் பார்த்து நிறம் கண்டுபிடிக்கிற அந்த வித்தையில் எனக்கு முப்பது வருட அனுபவம். கடைசியில் குத்துமதிப்பாக ஒன்றைத் தூக்கி வந்தான்.

"பாருங்க, பச்சைய தூக்கினு வரான். வேணும்னே பண்றான். ஸ்கூல்லயும் இதேதான். எலைக்குக் காவி அடிச்சி வெக்கிறான். மிஸ்ஸு தெனம் கூப்ட்டு சொல்றாங்க" என்றார் அம்மா. ஏகாம்பரம் எழுந்து கையை ஓங்கினார். பையன் ஓடவில்லை. "அதாம்பா செகப்பு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அடி விழப்போவது தெரிந்து, எதற்கு என்பது மட்டும் தெரியாத முகம் அது.

நான் கேமராவை மணலிலேயே வைத்துவிட்டுப் போய் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்தேன். மற்ற மூன்று குடும்பங்களும் சுற்றி நின்றுகொண்டிருந்தன. வாயைத் திறந்தால் ஸ்டுடியோ போச்சு என்று தெரியும். "அடிக்காதீங்க. அவன் பொய் சொல்லல. எனக்கும் ரெண்டு வாளியும் ஒண்ணாத்தான் தெரியுது" என்றேன். அந்த அம்மா நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தறி, முதுகில் விழுந்த அடி, புள்ளிப் புத்தகம், காபி கலர், எல்லாம். பையனுக்கு இது நோயும் இல்லை, திமிரும் இல்லை, கண் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுங்கள் என்றேன்.

ஏகாம்பரம் மணலில் உட்கார்ந்துவிட்டார். வேன் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பாவா குனிந்து தன் ஆடிக் கிருத்திகைச் சட்டையைப் பார்த்தார். "டேய், அப்போ இது சந்தனக் கலர் இல்லியா?" என்று கேட்டார். அழுகிற நிலையில் இருந்த அந்த அம்மாவே சிரித்துவிட்டார். யுகேஷ் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். "அங்கிள், பெரியவங்களுக்குக் கூடவா தெரியாது?" என்றான். "ஆங், எனக்குக் கூடத் தெரியாது" என்றேன். அவன் ஓடிப்போய் மற்ற வாளியையும் தூக்கி வந்தான். இரண்டு கையிலும் இரண்டு வாளியோடு, குட்டி லுங்கியில் நிற்கிறவனை அப்படியே எடுத்தேன்.

அடுத்த வாரம் ஏகாம்பரம் தனியாகக் கடைக்கு வந்தார். டாக்டரிடம் காட்டிவிட்டாராம், நான் சொன்னதுதானாம். சுலோச்சனா "வா, வா, நிறுத்து" சொல்லிச் சரிசெய்த கலர்ப் படத்தை எடுத்து வைத்தேன். தான் நெய்த கட்டத்தின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். நூலுக்கு நூல் சரியாக இருக்கிறது என்றார். ஆனாலும் கிளம்பவில்லை. படத்தைத் திருப்பி என்னிடமே நீட்டிக் கேட்டார்: "இத்தயே காபி கலர்லயும் ஒண்ணு போட்டுக் குடுங்க. எம் புள்ள எப்டி பாக்கறானோ, அப்டி நானும் ஒரு தபா பாத்துக்கறேன்."

எங்களுக்கு உலகம் ஒன்றும் காபி கலராகத் தெரியாது. வானமும் கடலும் உங்களைப் போலவே எங்களுக்கும் நீலம்தான். ஆனால் இதையெல்லாம் அவருக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. என் நைனா இப்படி ஒருமுறை கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிரின்ட் போட்டுக் கொடுத்தேன். கல்லாவில் இருந்த சுலோச்சனா புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

பதினோரு வருடம் பொத்திப் பொத்தி வைத்த ரகசியம் வெளியே வந்ததில் இன்றுவரை எனக்கு ஏற்பட்டிருக்கிற ஒரே நஷ்டம், ஆடிக் கிருத்திகைக்குச் சட்டை எடுக்கப் பாவா இப்போது என்னை விட்டுவிட்டுச் சுலோச்சனாவைக் கூப்பிடுவதுதான்.