சிவப்பு வண்டிக்கு ஐந்து நாள் கெடு

இருபத்தேழு வருடமாக ஊராருக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். ஆனால் ஸ்டியரிங்கைத் தானே பிடித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சொற்பம்தான். பள்ளியின் வண்டியில் ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கைதான் அவருடைய இடம். அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. சைக்கிள்காரரையும் கம்பத்தையும் நாய்க்குட்டியையும் எத்தனையோ முறை அந்த பிரேக் காப்பாற்றியிருக்கிறது. அதனால் எல்லோருக்கும் அவர் 'பிரேக் மாஸ்டர்'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

கை நடுங்கி, வேர்த்து விறுவிறுத்து வருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "வரும், வரும். பதறாதீங்க." நாலாயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார். ஏறக்குறைய எல்லோருக்கும் வந்தும்விட்டது.

அவரிடம் சொந்தமாக ஒரு சாம்பல் நிறச் சின்ன கார் இருந்தது. ஒன்பது வருடத்து வண்டி. குறை சொல்லவும் ஒன்றுமில்லை, மெச்சிக்கொள்ளவும் ஒன்றுமில்லை. வாரம் முழுக்க அது வீட்டு வாசலில் உறை போட்டுத் தூங்கும். அவர் பள்ளி வண்டியில் போய்வருவார். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி இரண்டு பஸ் மாறிப் போவாள். ஞாயிற்றுக்கிழமை உறையைக் கழற்றி, இருவருமாகக் கடைக்குப் போய்வந்தால் அதன் வேலை முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை அந்த போன் வந்தது. பேசியவள் அவருடைய பழைய மாணவி. மூன்று தடவை தேர்வில் தோற்று நாலாவது தடவை தேறியவள். இன்று பழைய கார் வாங்கி விற்கும் கடைக்கு முதலாளி.

"மாஸ்டர், ஒரு வண்டி வந்திருக்கு. பாத்ததும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு. சிவப்பு. ரெண்டே சீட்டு."

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவள் பாடம் படித்த நாளில், இதே மாதிரி ஒரு ஸ்போர்ட்ஸ் கார் அவர்களைத் தாண்டி உறுமிக்கொண்டு போனது. மாஸ்டர் வாயைப் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்ததில், இவள் நேராக ஒரு வீட்டு வேலிச்செடிக்குள் வண்டியை விட்டாள். இருபத்தேழு வருடத்தில் அவர் பிரேக் மிதிக்க மறந்தது அந்த ஒருநாள்தான்.

சாயங்காலமே போய்ப் பார்த்தார். பன்னிரண்டு வயது வண்டி. ஆனால் பார்க்கப் புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. அவர் மயங்கிவிடவில்லை, தொழில் தெரிந்தவர் அல்லவா? டயரில் தேதி பார்த்தார். பேனட்டைத் திறந்து எண்ணெய் மூடியின் உட்புறத்தை விரலால் தடவினார். கதவு விளிம்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "இந்தக் கதவுக்கு பெயிண்ட் மறுபடி அடிச்சிருக்கு" என்றார்.

"உங்ககிட்ட மறைக்க முடியுமா? சின்ன உரசல் மாஸ்டர். கிளட்ச்சும் கொஞ்சம் தேஞ்சிருக்கு. உங்க வண்டியக் குடுங்க, மேல கொஞ்சம் போட்டுக் குடுங்க, போதும். சனிக்கிழமை வரைக்கும் யாருக்கும் காட்ட மாட்டேன்."

உள்ளே உட்கார்ந்து பார்த்தார். இறங்கினதுதான் தெரியும், ஏதோ குழிக்குள் போனது போல இருந்தது. திரும்ப எழுந்திருக்க ஒரு கையைக் கூரையிலும் ஒரு கையைக் கதவிலும் கொடுத்து, முட்டி தரையில் படாத குறையாக வெளியே வந்தார். வருடக்கணக்காகப் பக்கவாட்டில் திரும்பியே உட்கார்ந்து கெட்டுப்போன இடுப்பு அது. வலித்தது. ஆனாலும் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல்.

வீட்டில் சொன்னார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "முடிவு பண்றதுக்கு முன்னாடி நானும் ஒருதடவ அதுல உக்காந்து பாக்கணும்" என்றாள். அவ்வளவுதான்.

வேறு ஊரில் இருக்கும் மகன் போனில் சிரித்தான். "ரெண்டு சீட்டாப்பா? நாங்க வந்தா எங்க உக்காருறது, டிக்கியிலயா?"

"நீ வர்றது வருஷத்துக்கு ரெண்டு தடவ. அதுக்காக மூணு சீட்டக் காலியா இழுத்துக்கிட்டுத் திரியணுமா?" என்றார் மாஸ்டர். பேச்சில் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. உதிரிபாகம் கிடைக்குமா, இடுப்பு தாங்குமா, ஐம்பத்தைந்து வயதில் இது தேவையா, ஐம்பத்தைந்தில் இல்லாவிட்டால் அப்புறம் எப்போது? பாடம் நடக்கும்போதே யோசனை ஓடியது. ஒரு மாணவர் சிவப்பு விளக்கைத் தாண்டப் போனபோது கடைசி நொடியில்தான் கால் பிரேக்குக்குப் போனது.

புதன்கிழமை அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அந்த வண்டிக்கு வயிறு தரையோடு தரையாக இருக்கும். வீட்டிலிருந்து பெரிய சாலைக்கு மூன்று வேகத்தடைகள். முதல் இரண்டும் பரவாயில்லை. மூன்றாவது மலை மாதிரி இருந்தது. தெருவில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, மனு எழுதி, அந்த மலையைக் கொண்டுவந்தவர் வேறு யாருமில்லை, அவரேதான். எதிர்வீட்டுக்காரர் மாடியிலிருந்து, "என்ன மாஸ்டர், இன்னும் உசத்தணுமா?" என்று கேட்டார். மாஸ்டர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை இருவரும் போனார்கள். கடைக்காரப் பெண் சாவியைக் கொடுத்து, "அவசரமில்ல, நல்லா சுத்திட்டு வாங்க" என்றாள்.

கிடங்குகள் வரிசையாக இருக்கும் நீளச் சாலை. விடுமுறை நாள், ஆள் நடமாட்டமே இல்லை. மாஸ்டர் கண்ணாடி பார்த்தார், சைகை போட்டார், ஒழுங்காக நாற்பதில் போனார். மனைவி கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"இந்த நாப்பதுக்குத்தான் அஞ்சு நாளா தூக்கம் போச்சா?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. கியரைக் குறைத்து மிதித்தார். எஞ்சின் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. முதுகை யாரோ இருக்கையோடு சேர்த்து அழுத்தியது போல இருந்தது. கிடங்குச் சுவர்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடின. மனைவி "ஐயோ!" என்று கத்திவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த ஒரு நிமிடத்துக்கு அவர் யாருக்கும் மாஸ்டராக இல்லை.

சாலை முடியும் இடத்தில் வேகம் குறைத்துத் திருப்ப கிளட்ச்சை மிதித்தார். இடுப்பில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. எப்படியோ ஓரமாக நிறுத்தினார். அதற்குமேல் இடது காலைத் தூக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணுக்கு போன் போடு. யாரையாவது அனுப்பட்டும்" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

மனைவி போனை எடுக்கவில்லை. சுற்றி வந்து கதவைத் திறந்தாள். "மெதுவா இறங்கி அந்தப் பக்கம் உக்காருங்க" என்றாள். அவரைத் தாங்கி உட்காரவைத்துவிட்டு, தான் போய் ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தாள். இருக்கையை முன்னால் இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். பெல்ட் போட்டாள். தேய்ந்த கிளட்ச், புது ஆள். வண்டி குலுங்கி அணைந்துவிடும் என்று மாஸ்டர் காத்திருந்தார். அது வெண்ணெயில் கத்தி போல நகர்ந்தது.

இரண்டாவது கியர் போட்டு, மூன்றாவதும் போட்ட பிறகு அவர் கேட்டார்: "எங்க கத்துக்கிட்ட?"

"உங்க ஸ்கூலுக்கு எதிர்த்த தெரு ஸ்கூல்ல. லைசென்ஸ் வாங்கி ஆறு வருஷம் ஆச்சு. கை மறக்காம இருக்க அப்பப்ப மருந்துக்கடை வண்டிய ஓட்டுவேன்."

எதிர்த்த தெருப் பள்ளி என்றால் மாஸ்டருக்குப் பரம வைரி. அதன் மாஸ்டரோடு அவர் பேசிப் பதினைந்து வருடம் ஆகிறது.

"போயும் போயும் அவன்கிட்டயா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. கல்யாணமான புதுசுல நீங்கதான் சொல்லிக்குடுத்தீங்க. நாலாவது நாளே நடு ரோட்டுல இறக்கிவிட்டு 'உனக்கு இது வராது'ன்னீங்க." அவள் சாலையைப் பார்த்தபடியே பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. "ஊர்ல வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் 'வரும் வரும்'னு சொல்ற வாய். எனக்கு மட்டும் வராதுன்னு சொல்லிருச்சு."

மாஸ்டருக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அதுதான் இடுப்பு வலியைவிடப் பெரிதாக வலித்தது. தன்னையறியாமல் அவர் வலது கால் முன்னால் போய்த் தரையை அழுத்தியது.

"அங்க ஒண்ணும் இல்ல. கால எடுங்க" என்றாள் மனைவி.

எடுத்தார். கொஞ்ச தூரம் போனபின் கேட்டார்: "லைசென்ஸ் இருக்கு, வண்டி வாசல்ல நிக்குது. ஆறு வருஷமா ரெண்டு பஸ் மாறிப் போறியே, ஏன்?"

"சாவிய நீங்களா குடுப்பீங்கன்னு பாத்தேன். அப்புறம் அதுவே பழகிப்போச்சு."

கடை வாசலில் அவள் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்தினாள். கடைக்காரப் பெண் யார் எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"என்ன மாஸ்டர், முடிக்கலாமா?"

மாஸ்டர் சிவப்புக் கூரையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். மனசு வரவில்லைதான். "நல்ல வண்டிம்மா. வாங்குறவங்க குடுத்துவச்சவங்க. எனக்கு வேண்டாம். என் பழைய வண்டிய இப்பக் குடுக்குறதுக்கில்ல, அதுக்கு ஆள் இருக்கு" என்றார்.

மனைவி திரும்பிப் பார்த்தாள். "எனக்காக ஒண்ணும் விட்டுக்குடுக்க வேண்டாம். அப்புறம் காலம் பூரா சொல்லிக்காட்டுவீங்க."

"உனக்காக பாதிதான். மீதி இடுப்புக்காக" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

திங்கட்கிழமையிலிருந்து சாம்பல் கார் மருந்துக்கடைக்குப் போக ஆரம்பித்தது. உறை மடித்துப் பரணில் ஏறியது. முதல் நாள் கூடவே போன மாஸ்டர், தெருமுனையில் "செகண்ட் போடு" என்றார். அவள் ஓரமாக நிறுத்தி, "நடந்து வர்றீங்களா?" என்று கேட்டாள். அவர் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். சிவப்பு வண்டியை ஒரு பல் மருத்துவர் வாங்கிப் போனதாகக் கேள்விப்பட்ட அன்று மட்டும் சாப்பிட்ட தட்டில் கொஞ்ச நேரம் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில், பாடம் முடிந்ததும் எதிர்த்த தெருவுக்கு நடந்தார். அங்கே பள்ளி வாசலில் வண்டி துடைத்துக்கொண்டிருந்த மாஸ்டர் இவரைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று துணியைக் கீழே போட்டார்.

"எங்க வீட்டம்மாவுக்கு நல்லா சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்றார் பிரேக் மாஸ்டர்.

மற்றவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார். யாரென்று சொன்னதும் திகைத்துப்போனார். "அவங்க உங்க வீட்டுக்காரம்மாவா? தெரிஞ்சிருந்தா சேத்திருக்கவே மாட்டேனே! ரொம்பப் பொறுமை. ஆனா அந்த கிளட்ச் மட்டும் கடைசி வரைக்கும் கொஞ்சம் குலுங்கும்."

"இப்ப குலுங்குறதில்ல" என்றார் மாஸ்டர்.