லாசருக்கு அடுத்தது வெலிகா

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்தது, அவருடைய புரோகிராமில் இருந்த ஒரு பிழையைச் சரிசெய்த வேலை. சமையலறை மேசையில் கணினி. பக்கத்துப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு ஊறிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் கெட்டவர்கள் கிழங்கை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்க வேண்டும்.

எங்கள் டான்யூப் கரைக் கிராமங்களில் டயாலிசிஸ் நோயாளிகளை வீடு வீடாக ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு ஒரு வேன் போகிறது. யார் வீட்டுக்குப் பின் யார் வீடு என்ற தாளை டிரைவருக்கு அச்சடித்துக் கொடுப்பது அப்பாவின் புரோகிராம். அவரும் அந்த வேனில் போகிறவர்தான்.

பெயர் லாசர். அரசாங்கக் கணினித் தொழிற்சாலையில் புரோகிராமராக இருந்தார். தொழிற்சாலையை மூடிய பிறகு கடைகளின் பில் இயந்திரங்களைப் பழுது பார்த்தார். அம்மா போனபின் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார். எதற்கும் சண்டை போட்டவரில்லை. டாக்டர் தக்காளியை நிறுத்தியபோது மட்டும் கத்தினார்.

அவர் எழுதியிருந்தது இணைப்புப் பட்டியல். ஒவ்வொரு பெயரும் நினைவகத்தில் எங்கோ ஓர் இடத்தில் இருக்கும். அடுத்த பெயர் எங்கே என்பது மட்டும் அதற்குத் தெரியும். இட்டரேட்டர் என்பது அந்த வரிசையில் பெயர் பெயராக நகரும் விரல். விரல் நிற்கும் பெயரையே அழித்துவிட்டால், அடுத்தது எங்கே என்று கேட்க ஆளில்லை.

ஜனவரியில் மிஞ்சோ கிழவர் இறந்தார். அப்பா அவர் பெயரை அழித்தார். தாள் அந்த இடத்தோடு முடிந்துவிட்டது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த டிரைவர் அசென், தாளில் இருந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குத் திரும்பிவிட்டான். அப்பா வேனுக்குள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். மிஞ்சோவுக்கு அடுத்த வீட்டு வெலிகா அத்தை, காது மந்தம், பனியில் மத்தியானம் வரை வாசலில் நின்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவர்கள் போன் போட்டுக் கேட்டு வேறு வண்டி பிடித்துவிட்டார்கள். அவளைப் பிறகு யாரோ காரில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மறுமுறை வேனில் ஏறியதும் எல்லோர் முன்னாலும் கேட்டாளாம்: "ஏன் லாசரு, மிஞ்சோ செத்தான்னா என்னையும் சேர்த்துப் புதைச்சிடுவியா?"

அப்பா சிரிக்கவில்லை. தலைநகர் சோஃபியாவில் இருந்த என்னை வரச் சொன்னார்.

"நாப்பது வருஷம் புரோகிராம் எழுதின ஆளுக்கு இது தெரியாதாப்பா?" என்றேன்.

"அப்பல்லாம் என் பட்டியல்ல யாரும் சாகல. நட்டும் போல்ட்டும்தான் இருந்துச்சு. நீ அடி, நான் சொல்றேன். அடுத்த ஆளை முதல்ல கையில பிடிச்சுக்க. முன்னால இருக்கிறவன்கிட்ட அந்த ஆளைக் காட்டு. அப்புறம் அழி."

ஊசி குத்திக் குத்தி அவருடைய இடது கை வீங்கியிருந்தது. நான்தான் அடித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பெயரை அழிக்க வேண்டும்.

"என் பேரை எடு" என்றார்.

"வேற பேரே இல்லையா?"

"அடுத்தவன் பேரை எடுத்து விளையாடச் சொல்றியா? எடும்மா."

எடுத்தேன். தாள் முழுசாக வந்தது. வெலிகா இருந்தாள், அவளுக்குப் பின்னால் இருந்தவர்களும் இருந்தார்கள்.

"பாரு, நான் இல்லாட்டியும் வண்டி போகுது." திருப்தியாகத் தலையை இடதும் வலதும் ஆட்டினார்; எங்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு அப்படித்தான். "சரி, என்னைத் திரும்பப் போடு. செவ்வாய்க்கிழமை நான் போகணும்."

போட்டேன். அன்று கிழங்கில் உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே தின்றார்.

பத்து நாள் கழித்துத் தூக்கத்திலேயே போய்விட்டார். வாசற்கதவில் அவர் படம் போட்ட அறிவிப்பை ஒட்டினோம். சாவு வீட்டு வழக்கப்படி வேகவைத்த கோதுமையை வந்தவர்களுக்குக் கொடுத்தோம். அடக்கம் முடிந்த அன்று மாலை அசென் போனில் கூப்பிட்டான்.

"தங்கச்சி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. நாளைக்கு எனக்குப் பதிலா வேற ஆளு ஓட்டுறான். அவனுக்கு வழி தெரியாது. தாள் வேணும்."

"அனுப்புறேன் அண்ணே."

"அப்புறம் வெலிகா அத்தை... விட்டுட்டுப் போனதுலேர்ந்து அதுக்கு நம்பிக்கை போச்சு. இருட்டோடயே வந்து வாசல்ல நிக்குது. லைட்டு எரியிற மணி ஒண்ணு மாட்டித் தர்றேன், வேன் வந்து பட்டனை அமுக்கினதும் வந்தாப் போதும்னு உங்கப்பா சொல்லியிருந்தாரு. வாங்கிட்டாரா?"

தெரியாது என்றேன்.

கணினியைத் திறந்தேன். லாசர் என்ற பெயரில் விரல் நின்றது. அழிக்காவிட்டால் நாளைக்குப் புது டிரைவர் இந்த வாசலில் வந்து ஹாரன் அடிப்பான். அடித்தால் என்ன என்றுகூடத் தோன்றியது. ஆனால் அவன் இங்கே நிற்கும் நேரமெல்லாம் வெலிகா அங்கே பனியில் நிற்பாள். அழித்தேன். இந்தமுறை திரும்பப் போடவில்லை.

தாள் வந்தது. யாரும் விடுபடவில்லை.

மணி, அவருடைய கருவிப்பெட்டிக்குள் இருந்தது. வாசலில் மாட்ட வேண்டிய பட்டனுக்கு ஒயர் இணைத்து, டேப் சுற்றி முடித்திருந்தார். வெலிகாவின் சமையலறைக்குப் போக வேண்டிய விளக்கு தனியாகக் கிடந்தது. ஒயரின் மறுமுனையில் மேலுறையைச் சீவி, விளக்கில் மாட்டுவதற்காகச் செம்பு இழைகளை முறுக்கி வைத்திருந்தார். இன்னும் எதிலும் மாட்டவில்லை.