ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

முதல் நாள் அவர் வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டுதான் என் அறைக்குள் வந்தார். மணிக்கட்டு துவண்டு தொங்கியது. நான் அப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அவர் தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டர். சரிந்து விழுந்த தகடு முழங்கைக்கு மேலே வெட்டியதில், மணிக்கட்டையும் விரல்களையும் நிமிர்த்தும் நரம்பு அறுந்துபோயிருந்தது. சென்னையில் தைத்து அனுப்பியிருந்தார்கள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அண்ணா என்றே கூப்பிட்டேன்.

"தெச்சாச்சுல்ல மேடம், அப்புறம் இன்னாத்துக்கு தூக்க மாட்டுது?" என்றார்.

தைத்தது உறையைத்தான் என்றேன். உள்ளே இருக்கும் இழைகள் வெட்டுக்குக் கீழே அழிந்துவிடும். ஆனால் அவற்றின் உயிர், கழுத்துப் பக்கம் தண்டுவடத்துக்குள் இருக்கும் செல்களில் இருக்கிறது. அறுந்த சேதி எட்டியதும் அந்தச் செல்கள் தசைக்குக் கட்டளை அனுப்பும் வேலையை ஓரம்வைத்துவிட்டு, புது இழைக்கு வேண்டிய சரக்கைத் தயாரிக்கத் தொடங்கும். இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வளரும். ரொம்பத் தாமதமானால் தசை இளைத்துப்போய், வந்து சேர்ந்த இழையை ஏற்றுக்கொள்ளாது.

"அப்ப புரொடக்‌ஷன நிறுத்திட்டு மெயின்டெனன்ஸ் ஓடுதுன்றீங்க" என்றார். கல்லூரியில்கூட இதை இத்தனை சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

வாரத்துக்கு மூன்று நாள் திருவள்ளூர் மாவட்டத்து ஆரணியிலிருந்து பஸ் பிடித்து வந்தார். மணிக்கட்டைத் தாங்கும் பட்டையைக் குளிக்கும்போதும் பயிற்சியின்போதும் மட்டுமே கழற்றினார். உறவுக்காரர்கள் எல்லோரும் கை போய்விட்டது என்று முடிவுகட்டியிருந்தார்கள். கம்பெனி ஆறு மாதம் பார்க்கலாம் என்று சொல்லியிருந்தது. நான்கு மாதம் முடிந்தும் மணிக்கட்டு நிமிரவில்லை. நரம்புக்குக் காத்திராமல், வேலை செய்யும் வேறொரு தசையின் நாணை இடம்மாற்றிப் பொருத்தும் ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். அவரிடம் மட்டும், "வந்துடும் அண்ணா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அவர் பட்டையைக் கட்டிக்கொண்டே, "மேடம், கொஞ்ச நாளா நீங்க வந்துடும்னு சொல்லச்சொல்லோ என் மூஞ்ச பாக்கறதில்ல" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிப்போனது. "உண்மையச் சொன்னா, எனக்குத் தெரியல அண்ணா. ஆபரேஷனுக்கு எழுதிடலாமான்னு யோசிக்கிறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டார். தழும்பிலிருந்து முழங்கையைத் தாண்டி, ஏணிப்படிகள் மாதிரி பேனாக் கோடுகள் இருந்தன. வளரும் நுனி இருக்கும் இடத்தில் தட்டினால் கரண்ட் அடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும் என்று ஆரம்பத்தில் நான்தான் காட்டிக் கொடுத்திருந்தேன். கூட்டம் அதிகமாகி நான் தட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அவர் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவியைத் தட்டச் சொல்லி, சுருக்கென்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார். குளித்து மங்கிய கோடுகளின் மேலேயே திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். கடைசிக் கோடு முன்கையில் இருந்தது.

"அது எறங்கிக்கினுதான் கீது மேடம். நீங்க ஆபரேஷனுக்கு அவசரப்படாதீங்கோ."

அடுத்த மாதம், அவர் மனைவியும் கூட வந்திருந்த ஒரு காலையில், மேஜைமேல் கிடந்த கை ஒரு விரற்கடை உயர்ந்து விழுந்தது. மறுபடி உயர்ந்தது. அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். "டூட்டிக்கு வந்துட்டான்" என்றார் அண்ணா, தன் கையைப் பார்த்து மெதுவாக. விரல்கள் நிமிர இன்னும் நாலு மாதம் ஆயிற்று. சில இழைகள் தடம் மாறிப் போயிருந்ததால், விரலை மட்டும் நீட்ட நினைத்தால் மணிக்கட்டும் கூடவே எழும்பும். அதையும் கண்ணாடிமுன் உட்கார்ந்து பழக்கினார். கம்பெனி அவரை மெஷினுக்கு அனுப்பவில்லை. தரம் பார்க்கும் பிரிவில் சேர்த்துக்கொண்டது.

நான் இப்போது திருவள்ளூரில் இருக்கிறேன். போன மாதம், கை துவண்ட ஒரு சக தொழிலாளியை அவரே அழைத்து வந்தார். நான் பேசத் தொடங்குமுன் தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். மணிக்கட்டைத் தூக்கினார், நாலு விரல்களையும் நீட்டினார். கட்டைவிரல் பாதியில் நின்றுவிட்டது.

"இது மட்டும் முழுசா வர்ல. மத்தது அல்லாம் வந்துச்சு. வந்தது, வராதது ரெண்டையும் நல்லா பாத்துக்கோ" என்றார் அவனிடம்.

அவன் வெகுநேரம் அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தன் சட்டைக் கையை மடித்துவிட்டு, என் பக்கம் நீட்டினான்.