சாம்பிராணி போட்ட வீட்டில் காற்றுச் சோதனை

இன்று என் வீட்டின் மேல் அநியாயமாகப் பழி போட்டார்கள்.

கிள்ளானில் இருக்கும் இந்தப் பழைய வீட்டை விற்றுவிட்டு, ஸ்ரீ கெம்பாங்கானில் தன் கொண்டோ அடுக்குமாடி வீட்டுக்கு வரச் சொல்கிறான் மகன். "பழைய வீட்டுக் காத்து ஒடம்புக்கு ஆகாதும்மா" என்று, காற்றைச் சோதிக்க ஓர் ஆளையும் அனுப்பிவிட்டான். அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில்.

அவர் கொண்டுவந்த கருவி சிவப்பு காட்டியது.

"ஆன்டி, காத்து ரொம்ப மோசம் லா," என்றார் வந்தவர்.

"இப்பதான் தம்பி சாம்பிராணி போட்டேன். புகை வராம பன்னீரா வரும்? உக்காந்து டீ குடிங்க."

அவர் டீ குடித்து முடிப்பதற்குள் கூடத்தில் கருவி பச்சைக்கு வந்துவிட்டது. மகன் வந்தால் படுக்கும் அறையில் மட்டும் இன்னும் சிவப்பு. அறையைக் குளிராக்க ஏர்கோன் மாட்டியபோது சுவரின் மேலிருந்த காற்றுத் துளைகளைச் சிமெண்டு பூசி அடைத்தவன் அவன்தான். புகை வெளியே போக வழியே இல்லை.

"அங்க மட்டும் ஏன் ஆன்டி?"

"என் மகனைக் கேளுங்க."

ஆகவே, வந்தவர் கூடம், அறை இரண்டின் கணக்கையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அடைத்த துளைகளை மகன் தன் கையாலேயே உடைக்க வேண்டும். வீட்டை விற்கச் சொல்லி வீட்டுத் தரகர் என்னை அழைப்பதை நிறுத்த வேண்டும். நான் இங்கேயே இருக்க வேண்டும்.

யாருக்காவது வேலை கொடுக்க மறந்திருந்தால் கீழே எழுதுங்கள்.