முத்துப்பிள்ளையில் என் பங்கு

கர்ப்பம் போன பிறகும் என் ரத்தம் நான் கர்ப்பிணி என்றே சொல்லிக்கொண்டிருந்தது. அது அடங்கும்வரை புதன்கிழமைதோறும் தென்காசி லேபுக்குப் போய்க் கையை நீட்ட வேண்டும். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து பஸ்ஸில் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனாலும் திரும்பி வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள் ஈரத்துண்டும் சிப்ஸ் பாக்கெட்டுமாக எல்லா சீட்டையும் பிடித்திருப்பார்கள். நான் கம்பியைப் பிடித்தபடி நின்றே வருவேன்.

மூன்றாம் மாத ஸ்கேனில் பிள்ளை இல்லை. திராட்சைக்கொத்து மாதிரி நீர்க்குமிழிகள்தான் இருந்தன. முத்துப்பிள்ளை என்பார்கள். ஆஸ்பத்திரியில் அதை எடுத்துவிட்டு, பரிசோதனைக்கும் அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று என் கணவரும் கூட இருந்தார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார்.

"கருமுட்டையில உங்க பங்கு ஜீன் இல்லாமப் போச்சும்மா. அப்பா பங்கே ரெண்டு மடங்காயிருக்கு. எண்ணிக்கை சரிதான். ஆனா சில ஜீன் அப்பா வழியா வந்தாத்தான் வேலை செய்யும், சிலது அம்மா வழியா வந்தாத்தான். எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சுன்னு அதுமேல அடையாளம் இருக்கும். அப்பா பங்கு மட்டும் இருந்தா நஞ்சுக்கொடிதான் மண்டும், பிள்ளை உருவாகாது. யார் மேலயும் தப்பு இல்ல."

"அப்ப அதுல நான் எங்கயுமே இல்லையா டாக்டர்?"

"இல்லம்மா. அதனால மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

வீட்டில் என் மாமியார் வேறு காரணம் வைத்திருந்தார். விசாரிக்க வருகிற எல்லோரிடமும், "ஆடி மாசம் ஐந்தருவில போயி மணிக்கணக்கா நின்னா. வயிறு குளுந்துபோச்சு, வேற என்ன?" என்பார். என்னை அருவிக்குக் கூட்டிப்போனதே அவர் மகன்தான். அந்த மகன் பக்கத்திலேயே உட்கார்ந்து செல்போனைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

"டாக்டர் சொன்னத ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று எத்தனையோ தடவை கேட்டேன். "நேரம் பாத்துச் சொல்லுதேன்" என்பார். வாரங்கள் போயின. ஊசி குத்திக் குத்தி முழங்கை மடிப்பு கன்றிப்போனது. ஒரு கட்டத்தில் கோபப்படுவதற்கும் தெம்பில்லை.

கார்த்திகையில் ஆலங்குளத்திலிருந்து அவருடைய சித்தி வந்தார். மாமியார் ஐந்தருவியை ஆரம்பித்தார். என்ன தோன்றியதோ, என் கணவர் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"யம்மா, சும்மா அவளையே சொல்லாத. அதுல அவ பங்கே கெடையாது. முழுக்க என் பங்குதானாம். டாக்டரே சொன்னாங்க."

 மாமியார் சித்தி பக்கம் திரும்பினார்.

"கேட்டியாட்டி? எம்மவன் ரெண்டு பங்கு குடுத்திருக்கான். இவ ஒண்ணுமே குடுக்கல. பெறவு பிள்ளை எப்படித் தங்கும்?"

சித்தி என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களைக்குள் போனதும் அதுவே அழுகையானது. என் கணவர் பின்னாலேயே வந்தார்.

"விடு. நாளைக்கு ரிப்போர்ட்டைக் காட்டி, எல்லாருக்கும் வெளங்குத மாதிரி சொல்லுதேன்."

இத்தனை வாரமாக நான் கெஞ்சியது அதற்குத்தான். ஆனால் அவர் வாயால் 'அவ பங்கே கெடையாது' என்று கேட்டபோது, இதற்கா கெஞ்சினோம் என்றிருந்தது. மூன்று மாதம் வாந்தியெடுத்துக்கொண்டே அதோடு பேசியிருக்கிறேன். பழி என் மேல் இருந்தவரை, அது என் பிள்ளையாகவாவது இருந்தது.

"வேண்டாம். இனிமே யார்ட்டயும் சொல்லாதீங்க" என்றேன். "தப்பு எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்."