கம்மோடுக்குப் பின்னால் ஒரு விரிசல்

கீழே விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவருக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வைத்தது நான்தான். வீட்டில் நாங்கள் இரண்டே பேர், வேறு யார் வைப்பார்கள்? ஒவ்வொரு முறையும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். மில்லில் நூல் மூட்டை தூக்கிய மனுஷன். ஒருநாள் என் கையைத் தட்டிவிட்டு, "பெத்த பொண்ணு செய்ற வேலையாடி இது?" என்று அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அவர் தானாகப் போய்வர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். குந்தி உட்காரும் பழைய கக்கூஸை இடித்து, கம்மோடு வைத்து, சுவரில் கைப்பிடி அடிக்க ஒரு மேஸ்திரியைப் பிடித்தேன்.

மறுநாள் டிஸ்சார்ஜ் என்றிருக்க, மேஸ்திரி கம்மோடைச் சுற்றி வெள்ளை சிமெண்டை அப்பிவிட்டுக் கை கழுவினார். "சூப்பரா ஆயிடுச்சுக்கா."

எங்கள் முத்தியால்பேட்டையில் வெள்ளை சிமெண்டால் ஆகாத காரியமே கிடையாது. டைல்ஸ் பெயர்ந்தாலும் அதுதான், தொட்டி ஒழுகினாலும் அதுதான். எனக்கு மனசு கேட்கவில்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து கம்மோடில் வேகமாக ஊற்றினேன். பின்பக்கம், அந்தப் பளீர் வெள்ளை மீது நீலம் கசிந்து தரைக்கு இறங்கியது.

"இன்னும் காயலக்கா. காஞ்சா நின்னுடும்."

"இன்னா நிக்கும்? பீத்தண்ணிதான் தரையில நிக்கும். எங்கப்பா வாக்கர வச்சிக்கினு வந்து அதுல வழுக்கி விழணுமா? கழட்டுங்க."

"பூசுனத ஒடைக்கச் சொல்றீங்களே!"

"ஒடைக்கத்தான் சொல்றேன்."

முணுமுணுத்துக்கொண்டே கொத்தினார். கம்மோடின் பின்வாயையும் சுவரிலிருக்கும் கழிவுக் குழாயையும் இணைக்கிற பிளாஸ்டிக் கனெக்டர் வெளியே வந்தது. விளிம்பிலிருந்து பாதிவரை விரிசல். சுவர்க் குழாய் கொஞ்சம் விலகியிருக்க, நேர் கனெக்டரை நெட்டித் தள்ளியிருக்கிறார். அது உடைந்ததும் தெரிந்துதான் மேலே பூசியிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவரோடு சண்டை போட்டால் பொழுது போய்விடும். உடைசலைக் கழுவி கேரி பேகில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

பக்கத்துக் கடைகளில் அதே நேர் கனெக்டர்தான் இருந்தது. விடுவேனா? ரெட்டியார்பாளையம் வரை போனேன். அங்கே கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் போனார்.

"கழுவிட்டேண்ணே, பயப்படாதீங்க. இந்த சைஸ்ல, வளைஞ்சு குடுக்கிற மாதிரி வேணும்."

மடிப்பு மடிப்பாக, ரப்பர் வாய் வைத்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் நான் கம்மோடைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, மேஸ்திரி ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே தள்ளினார். இழுக்காமல், நெரிக்காமல் உட்கார்ந்தது. உடனே அவர் கை தானாக வெள்ளை சிமெண்டுப் பக்கம் போனது.

"அதத் தொட்டீங்க, அவ்ளோதான்!" என்று சிமெண்டுப் பையையே தூக்கித் தெருவாசலில் வைத்தேன். கம்மோடைத் தரையோடு பிடிக்கும் திருகாணியை மட்டும் முடுக்கச் சொன்னேன். மறுபடி நீலத்தண்ணீர் ஊற்றி, அப்பாவின் கிழிந்த வேட்டியால் பின்பக்கமெல்லாம் துடைத்துப் பார்த்தேன். வேட்டியில் ஒரு பொட்டு நீலம் இல்லை. அப்பாடா என்று அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா வந்தார். வந்ததும் வாக்கரைக் கக்கூஸ் பக்கம் திருப்பினார். தோளைப் பிடிக்கப் போனேன்.

"விடு. நானே போறேன்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டார். தாழ்ப்பாள் போடவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

"இன்னும் அங்கயேவா நிக்கிற? அந்தாண்ட போடி!"

கீழே விழுந்த நாளிலிருந்து அவர் என்னை அதட்டியதே இல்லை. "போறேம்பா" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சோறு வடிக்கப் போனேன்.